வெறும் ‘வாரேன்’

சுரங்கம் பார்க்கப் போகலாம் என்று முதலில் சொன்னவன் வெள்ளியங்கிரிதான். தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு மனைவி வான்மதி, மகளைக் கூட்டிக்கொண்டு பிஸ்கட்டவே என்ற ஊரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போவதாக முடிவான அன்றே அவன் திட்டம் போட ஆரம்பித்துவிட்டான். மேற்கு டெக்ஸஸ் பாலைவனத்தில், ஒரு காலத்தில் பாதரசம் எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன சுரங்கம். யாரோ உள்ளே நடந்துபோய் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து வைத்திருந்தான். போகிற வழி, தங்குகிற மோட்டல், பெட்ரோல் போட வேண்டிய ஊர்கள், நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்குகள், தண்ணீர், கையுறை என்று எல்லாவற்றையும் அவனே ஏற்பாடு செய்தான். கோபிச்செட்டிபாளையத்தில் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே எதையும் வரிசையாகச் செய்கிற ஆள்.

கூட வர இரண்டு பேர். ஒருவன் நசுருதீன், கீழக்கரைக்காரன். அவனும் வெள்ளியங்கிரியும் ஒரே மாதத்தில் டெக்ஸஸ் வந்து இறங்கி, கல்யாணம் ஆகும்வரை ஒரே அபார்ட்மென்ட்டில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். இன்னொருவன் ரஞ்சித்குமார். சென்னை. வெள்ளியங்கிரியின் டீமில் வேலை பார்க்கிறவன், அவனை வாய் நிறைய ‘அண்ணா’ என்று கூப்பிடுகிறவன்.

கிளம்பிய காலையில், வெள்ளியங்கிரி ஃபிரிஸ்கோவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்து ரிச்சர்ட்சனில் நசுருதீனை ஏற்றிக்கொண்டான். கார் தெருமுனை தாண்டும்போது நசுருதீன் சட்டென்று கதவுப் பிடியில் கை வைத்தான்.

“நிறுத்து, நிறுத்து. மஹ்பூபாகிட்ட சொல்லாம வந்துட்டேன்.”

“டாட்டா காட்டினியேடா. நான் பாத்தேனே.”

“டாட்டா காட்டுனா சொன்ன மாதிரியா?”

காரை ரிவர்ஸ் எடுக்க வேண்டியதாயிற்று. நசுருதீன் இறங்கி வாசல்வரை ஓடி, கதவைத் திறந்து, “போயிட்டு வாரேன்” என்று உள்ளே பார்த்துச் சொல்லி, உள்ளிருந்து மனைவி “போயிட்டு வாங்க” என்று பதில் சொன்ன பிறகுதான் திரும்பினான்.

“இதுக்கா இந்த ஓட்டம்? எங்கூர்ல ‘வர்றேன்’னு ஒரே வார்த்தைல முடிச்சுருவோம்” என்றான் வெள்ளியங்கிரி.

“அது என்ன பேச்சுடா. ‘வாரேன்’னா வாரவன் சொல்றது. போறவன், போறேன்னும் சொல்லணும், திரும்பி வாரேன்னும் சொல்லணும். வெறும் ‘வாரேன்’னு சொல்லிட்டுக் கிளம்புனா எங்க உம்மா வைவாங்க. எங்கடா வாரே, இங்கதானே நிக்கிறேன்னு.”

இருவரும் சிரித்தார்கள். ரஞ்சித் இன்னும் ஏறியிருக்கவில்லை. அவனை இர்விங்கில் போய்த்தான் ஏற்றினார்கள்.

ஃப்ரீவேயில் மேற்கே போகப்போக வீடுகள் குறைந்து, மரங்கள் குறைந்து, எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள் தலையாட்டத் தொடங்கின. பேச்சு வேலையைப் பற்றித் திரும்பியது. லேஆஃப் எங்கே, ஆள் எடுப்பது எங்கே என்று ரஞ்சித் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எங்க கம்பெனில எடுக்கிறாங்க. ஆனா இன்டர்வியூ கொஞ்சம் கஷ்டம்” என்றான் நசுருதீன். “கிரிகூட ட்ரை பண்ணான். ரெண்டாவது ரவுண்டுல போச்சு. என்ன கிரி, அந்தச் சின்னப் பொண்ணுதானே உன்ன இன்டர்வியூ பண்ணுச்சு?”

பின் சீட்டிலிருந்து ஒரு தலை முன்னால் நீண்டது.

“அண்ணா, சொல்லவே இல்ல?” என்றான் ரஞ்சித்.

“அது சும்மா மார்க்கெட் எப்படி இருக்குன்னு பாக்கறதுக்கு” என்றான் வெள்ளியங்கிரி. அவன் கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தியது.

நசுருதீன் அதைக் கவனிக்கவில்லை. ஜன்னல் வழியே ஒரு காற்றாலையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான். ஒன்றைச் சொல்வான், அது போய் எங்கே விழுந்தது என்று பார்க்கமாட்டான். போகிற வழியெல்லாம் வெள்ளியங்கிரி பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். மறுநாள் காலை மோட்டலில் வாஃபிள் சாப்பிடும்போது ரஞ்சித் வேறு, “அண்ணா, நீங்க கம்பெனி மாறுனா என்னையும் தூக்கிட்டுப் போயிடுங்க. என்ன, நீங்க மொதல்ல பாஸ் ஆவணும்” என்றான். நசுருதீன் வாயில் இருந்த காபி வெளியே வரும்படி சிரித்தான். வெள்ளியங்கிரியும் சிரித்தான். சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் குப்பையில் போட்டான். பாதி வாஃபிள் அதில் இருந்தது.

சரளைச் சாலை முடிகிற இடத்தில் காரை நிறுத்தி, முள்கம்பி வேலியை ஒட்டி நடந்தார்கள். வேலியில் ஒரு போர்டு. தனியார் இடம், உள்ளே வரக் கூடாது என்று. போர்டில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகள்.

நசுருதீன் நின்றுவிட்டான்.

“இது ட்ரெஸ்பாஸ்டா. எனக்கு கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு. உனக்கென்ன, கைக்கு வந்தாச்சு.”

“இங்க யாரு வந்து பாக்கப்போறாங்க? முயல்கூட இல்ல.”

“பாக்கலன்னா சரியாயிருமா?”

“நீ கார்ல உக்காந்துக்கோ” என்றான் வெள்ளியங்கிரி. “நாங்க பாத்துட்டு வந்து சொல்றோம். பயப்படறவங்கள இழுத்துட்டுப் போக முடியாது.”

ரஞ்சித் காதில் விழ வேண்டும் என்றே சொன்ன சொல் அது. அது நசுருதீன் மேல் பட்டது. அவன் வேலிக் கம்பியைத் தூக்கிக் குனிந்து முதலில் அவனே உள்ளே நுழைந்தான். “கொஞ்ச தூரம் வருவேன். பிடிக்கலன்னா வெளிய போயிருவேன், சொல்லிட்டேன்.”

சுரங்கத்தின் வாய் மலைச்சரிவில் ஒரு கதவு அளவுக்கு இருந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. தரையில் மாவு மாதிரிப் புழுதி. சுவரில் அங்கங்கே செங்காவிக் கீற்றுகள். நசுருதீனின் விளக்கு இரண்டு தடவை கண்சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. “பொட்டி பிரிச்சு செக் பண்ணலையா நீ” என்று வெள்ளியங்கிரியைக் கேட்டுவிட்டு, போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டான். மூன்று விளக்கில் இரண்டை மட்டும்தான் அவன் எரியவைத்துப் பார்த்திருந்தான்.

“பாத்துப் போடா” என்றான் நசுருதீன் பின்னாலிருந்து.

போகப்போக நசுருதீன் பின்தங்கினான். ஒவ்வொரு செங்காவிக் கீற்றின் முன்னாலும் நின்றான், தொட்டான், போட்டோ எடுத்தான். பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. வலப்பக்கம் தண்டவாளம் தெரிந்தது. வீடியோவில் பார்த்த தண்டவாளம். வெள்ளியங்கிரியும் ரஞ்சித்தும் வலப்பக்கம் திரும்பினார்கள். நாலடி நடந்திருப்பார்கள். பின்னாலிருந்து குரல் வந்தது.

“கிரி… வாரேன்.”

சுவரில் மோதி மோதி அந்தச் சொல்லின் வால் மட்டும் நீண்டது. ரஞ்சித் திரும்பிப் பார்த்தான். வளைவுக்கு அப்பால் நசுருதீனின் வெளிச்சம் தெரியவில்லை.

“என்னண்ணா, கிளம்பறாரா?”

வெள்ளியங்கிரி நின்றான். அந்தக் கேள்விக்குப் பதில் அவனுக்குத் தெரியும். நேற்றுக் காலை தெருமுனையில் காரை ரிவர்ஸ் எடுத்தவன் அவன். நசுருதீன் ‘வாரேன்’ என்றால் வருகிறான். ஒரு நிமிஷம் நின்றால் வந்துவிடுவான். வந்து, நின்று, போட்டோவைக் காட்டி, விளக்கு எரியாததைப் பற்றி இன்னொரு தடவை சொல்லுவான். அதற்கு ரஞ்சித் சிரிப்பான்.

“ஆமா” என்றான்.

இருவரும் தண்டவாளத்தைத் தொடர்ந்து நடந்தார்கள்.

உள்ளே பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. துருப்பிடித்த தள்ளுவண்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ரஞ்சித் அதன்மேல் கால் வைத்து செல்ஃபி எடுத்தான். தகர டப்பா ஒன்று கிடந்தது. சுவரில் யாரோ ஒரு பெண்ணின் பெயரைக் கீறியிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் கூரை சரிந்து வழி மூடியிருந்தது. அவ்வளவுதான். திரும்பினார்கள். பிரிகிற இடத்தைத் தாண்டும்போது இடப்பக்கத்து இருட்டை வெள்ளியங்கிரி பார்த்தான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், ஏன் கூப்பிடுகிறீர்கள், அவர்தான் கிளம்பிவிட்டாரே என்று ரஞ்சித் கேட்பான்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. காருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கார் சாவி வெள்ளியங்கிரியின் பாக்கெட்டில் இருந்தது.

“அண்ணன் எங்க?” என்றான் ரஞ்சித்.

“இங்கதான் எங்கயாவது போட்டோ எடுத்துட்டு இருப்பான்.”

ரஞ்சித் ஹாரன் அடித்தான். பாறைமேல் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தான். மறைய ஒரு மரம் இல்லாத இடம் அது. ஆள் நின்றால் தெரியும். பிறகு இறங்கி, சுரங்க வாய்க்குப் போய்க் குனிந்து நின்றான்.

“அண்ணா, கொஞ்சம் இங்க வாங்க.”

புழுதியில் கால்தடங்கள் தெளிவாக இருந்தன. ரஞ்சித்தின் ஸ்னீக்கர். வெள்ளியங்கிரியின் பூட்ஸ். இரண்டும் உள்ளே போய் வெளியே வந்திருந்தன. அடியில் வலைபோல் கோடுகள் இருக்கும் நசுருதீனின் செருப்புத் தடம் உள்ளே மட்டும் போயிருந்தது.

“கிளம்பறேன்னுதானே சொன்னாரு?” ரஞ்சித் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான்.

வெள்ளியங்கிரி விளக்கை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினான்.

இடப்பக்கப் பாதையில் இரண்டு வளைவு தாண்டியதும் குரல் கேட்டது. சத்தமாக இல்லை. கத்திக் கத்தி ஓய்ந்த குரல். “பாத்து. தரைல பலகை. மிதிக்காத.”

பாதையின் நடுவில் பழைய மரப்பலகைகளைப் போட்டு மூடியிருந்த குழி. மேலே புழுதி படிந்து தரை மாதிரியே இருந்திருக்கிறது. இப்போது பாதிப் பலகை இல்லை. வெள்ளியங்கிரி குப்புறப் படுத்து ஓரத்தில் தலையை நீட்டினான். இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே, சுவரோடு ஒட்டிய பாறைத் திட்டில் நசுருதீன் உட்கார்ந்திருந்தான். ஒரு கால் சேராத கோணத்தில் கிடந்தது. திட்டுக்கு அந்தப் பக்கம் குழி இன்னும் கீழே போயிற்று. வெகு ஆழத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு. நசுருதீனின் போன் அங்கே விழுந்தும் அணையாமல் மேலே பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

“அசையாத” என்றான் வெள்ளியங்கிரி.

“எங்க அசையறது” என்றான் நசுருதீன்.

சுரங்கத்திலும் சரி, வெளியிலும் சரி, போனுக்கு சிக்னல் இல்லை. பெரிய ரோட்டுக்குப் போனால்தான் கூப்பிட முடியும். வெள்ளியங்கிரி சாவியை ரஞ்சித்திடம் கொடுத்தான். “நைன் ஒன் ஒன் கூப்பிட்டு நீ அங்கயே நின்னு கூட்டிட்டு வா.” ரஞ்சித் ஓடினான். அவன் காலடிச் சத்தம் அடங்கியதும் சுரங்கத்தில் இரண்டே பேர். குழிக்குள் ஒருவன், குழியின் ஓரத்தில் ஒருவன்.

வெள்ளியங்கிரி தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கீழே போட்டான். தண்ணீர் பாட்டிலைப் பெல்ட்டில் கட்டி இறக்கினான். நசுருதீன் குடித்தான்.

“கிரி.”

“சொல்லு.”

“பாதை பிரியற எடத்துல உங்க வெளிச்சம் தெரியல, இந்தப் பக்கம்னு வந்துட்டேன். நான் ‘வாரேன்’னு சொன்னேனே. கேக்கலையா?”

வெள்ளியங்கிரியின் நெற்றி விளக்கு நசுருதீன் முகத்தில் விழுந்திருந்தது. அதனால் நசுருதீனுக்கு அவன் முகம் தெரியாது. விளக்குக்குப் பின்னால் இருக்கிற ஆள் எப்போதும் இருட்டுதான். அது அப்போது அவனுக்கு வசதியாக இருந்தது.

“கேட்டுச்சு” என்றான். “நாங்க… நீ கிளம்பறேன்னு நெனச்சோம்.”

வெளிச்சப் பொட்டு எங்கோ ஆழத்தில் ஒருமுறை மங்கி, அணைந்துபோனது. பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும்.

நசுருதீன் மெல்லச் சிரிக்கத் தொடங்கினான். சிரிக்கும்போது கால் வலித்து முனகினான். முனகிவிட்டு மறுபடி சிரித்தான்.

“உங்க ஊரு வர்றேனா அது. கோபிச்செட்டிபாளையத்து வர்றேன். நான் வாரேன்னு சொன்னா நீ போறேன்னு எடுத்துக்கிட்டே. தமிழ்நாட்டுல ரெண்டு ஜில்லாக்காரன் ஒரே சுரங்கத்துக்குள்ள போகக்கூடாதுடா.”

“ஆமாடா” என்றான் வெள்ளியங்கிரி. அன்றைக்கு இரண்டாவது தடவையாக.

“மேல இருந்துக்கோ. எங்கயும் போயிராத.”

“போகமாட்டேன்.”

“பேசிக்கிட்டே இரு. இருட்டா இருக்கு.”

வெள்ளியங்கிரி பேசிக்கொண்டே இருந்தான். அபார்ட்மென்ட் நாட்களைப் பற்றி, ஸ்மோக் அலாரம் அடிக்காமல் மீன் வறுக்க ஜன்னலில் ஃபேனைத் திருப்பி வைத்ததைப் பற்றி, வாய்க்கு வந்ததை எல்லாம். நேற்றுக் காலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. தெருமுனைப் பேச்சை நசுருதீன் மறந்துவிட்டானா? அடிபட்ட அதிர்ச்சியில் மறந்திருக்கலாம். மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். கீழே கிடக்கிறவனின் உயிருக்காக வேண்டிக்கொள்ள வேண்டிய நேரத்தில் அவனுடைய மறதிக்காக வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது புரிந்தபோது, பேச்சு பாதியில் நின்றது.

“என்னடா நிறுத்திட்டே?”

“ஒண்ணுமில்ல. தொண்ட காயுது.”

ஷெரிஃப் ஆபீஸிலிருந்து டெபுடிகள் இரண்டு பேரும், கயிறும் ஸ்ட்ரெச்சருமாகத் தன்னார்வத் தீயணைப்புக்காரர்களும் வந்தார்கள். நசுருதீனை மேலே தூக்கி எடுத்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் டெபுடி ஒருவர் நோட்பேடைத் திறந்து, வேலிக்குள் நுழைந்தது யார் யார், கூட்டிவந்தது யார் என்று கேட்டார்.

“நான்” என்றான் வெள்ளியங்கிரி. “போர்டைப் பாத்தேன். அவர் வேண்டாம்னுதான் சொன்னார். நான்தான் சீண்டி உள்ள வரவெச்சேன்.” எல்லாம் ஆங்கிலத்தில், பதற்றமில்லாமல் சொன்னான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

டெபுடி அவன் பெயரில் மட்டும் சம்மன் எழுதிக் கொடுத்துவிட்டு, மற்ற இருவரையும் எச்சரித்து விட்டுவிட்டார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி நசுருதீன் வெள்ளியங்கிரியின் மணிக்கட்டைப் பிடித்தான்.

“உனக்கு எதுக்குடா இதெல்லாம்.”

அவன் கண் கலங்கியிருந்தது. கிரீன் கார்டு கையில் இருக்கிறவனுக்கு அந்தச் சம்மன் ஒரு தொல்லை, அவ்வளவுதான். கொடுத்தது செல்லாத காசு, வாங்கியது நல்ல காசு என்று வெள்ளியங்கிரிக்குத் தெரிந்தது. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

கணுக்காலில் இரண்டு எலும்பு முறிந்து, பிளேட் வைத்துத் தைத்தார்கள். எல்லாரும் வீடு திரும்பிய பிறகு வெள்ளியங்கிரி தினமும் அவன் வீட்டுக்குப் போனான். நசுருதீனின் பிள்ளைகள் உஸைரையும் ஆஃபீஃபாவையும் பள்ளிக்கூடத்தில் விட்டான், கூட்டிவந்தான். சனிக்கிழமைகளில் புல் வெட்டினான். கார் ஆயில் மாற்றினான். மஹ்பூபா ஒரு நாள் வாசலில் நின்று, “அண்ணே, எங்க கூடப்பிறந்த காக்கா இங்க இருந்திருந்தாக்கூட இவ்வளவு செஞ்சிருக்கமாட்டாங்க” என்றாள். உஸைர் பின் சீட்டிலிருந்து, “அங்கிள், யூ ஆர் லைக் ஊபர் பட் ஃப்ரீ” என்றான். வெள்ளியங்கிரி கண்ணாடியில் பையனைப் பார்த்துச் சிரித்தான். வான்மதிகூடக் கேட்டாள். “செய்யுங்க, வேண்டாங்கல. ஆனா ஏனுங்க ராத்திரில தூங்கறதில்ல?”

இதற்கிடையில் ‘வாரேன்’ கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. பரப்பியவன் நசுருதீனே. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். குஷன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, குரலை மாற்றி மாற்றி, எதிரொலியைக்கூடச் செய்து காட்டுவான். “நான் வாரேங்குறேன். இவன் போறான்னு எடுத்துக்கிட்டான். கொங்குத் தமிழால கால் ஒடிஞ்ச முதல் ஆளு நான்தான்.” எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கும்போது நசுருதீன் ஒரு தடவை வெள்ளியங்கிரியைப் பார்ப்பான். வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா, என் தப்புதான்” என்று சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லுவான். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளாத மாதிரித்தான் அவனும் சொன்னான்.

ரஞ்சித் மட்டும் அந்தக் கதைக்குச் சிரிப்பதில்லை. ஆபீஸில் அவன் இப்போதெல்லாம் ‘அண்ணா’ என்பதைக் குறைத்து ‘கிரி’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மஹ்பூபாவுக்கு ஊரிலிருந்து யாரோ தொதல் இனிப்புக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். எண்ணெய் மின்னும் கறுத்த துண்டுகளைத் தட்டில் வெட்டி வைத்தாள். வெள்ளியங்கிரியும் வான்மதியும் மகளோடு வந்திருந்தார்கள். வெள்ளியங்கிரி புல் வெட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். வான்மதி இதுவரை அந்தக் கதையை நசுருதீன் வாயால் கேட்டதில்லை. கேட்டாள். நசுருதீன் சொன்னான். முழுதாக, எதிரொலியோடு.

வான்மதி சிரித்தாள். மஹ்பூபா சிரிக்கவில்லை. தொதலை வெட்டிய கத்தியைத் துடைத்துக்கொண்டே, ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“எனக்கு அது ஒண்ணுதான் விளங்கல. மச்சான் வெறும் ‘வாரேன்’னு சொல்லிட்டுக் கிளம்பி நான் பாத்ததே இல்லையே. கடைக்குப் போனாக்கூட ‘போயிட்டு வாரேன்’னு முழுசாச் சொல்லணும். அன்னிக்குக்கூடக் காரைத் திருப்பிட்டு வந்து சொல்லிட்டுத்தானே போனாங்க. அண்ணன்தான் வண்டி ஓட்டுனாங்க.”

அவளுக்கு அதில் வேறு எண்ணமே இல்லை. சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். வான்மதியும் கூடப் போனாள். போகிற வழியில் படியில் நின்று ஒரு தடவை கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஹாலில் நசுருதீன், வெள்ளியங்கிரி. இடையில் குஷன்மேல் பூட் போட்ட கால்.

நசுருதீன் டிவி ரிமோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நசுரு” என்றான் வெள்ளியங்கிரி. “நீ பின்னாடி வரேன்னுதான் சொன்னே. எனக்குத் தெரியும். அப்பவே தெரியும்.”

நசுருதீன் தலையசைத்தான்.

“ரஞ்சித் கேட்டான், கிளம்பறாரான்னு. நான் ஆமான்னேன். கார்ல நீ சொன்னது… இன்டர்வியூ விஷயம்… அவன் முன்னாடி.”

“அதுவா?”

“ஆமா.”

“நான் வேற ஏதோ பெருசா இருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றான் நசுருதீன். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வெள்ளியங்கிரிக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். “ரெண்டு மாசமா யோசிக்கிறேன், நான் இவனுக்கு என்ன செஞ்சேன்னு. அதுவா.”

“உனக்கு… தெரியுமா?”

“மேல இருந்து ‘கிளம்பறேன்னு நெனச்சோம்’னு சொன்னே பாரு, அப்பவே தெரியும். முந்தின நாள்தானே பேசுனோம்.”

“அப்புறம் ஏன்டா சிரிச்சே? நீதானே கொங்கு வர்றேன்னு சொன்னே?”

“பின்ன என்ன சொல்லச் சொல்றே?” நசுருதீன் ரிமோட்டைக் கீழே வைத்தான். “நான் குழிக்குள்ள இருக்கேன். மேல நீ ஒருத்தன்தான் இருக்கே. விளக்கும் உன்கிட்டதான். அங்க உக்காந்துக்கிட்டு உன்கூடச் சண்டை போடவா முடியும்?”

நசுருதீன் காலைக் குஷன்மேல் நகர்த்தி வைத்தான்.

“மேல வந்த பொறவு நீயே சொல்லுவேன்னு இருந்தேன். சம்மன வாங்கிக்கிட்டே. சரி, இப்ப சொல்லுவான்னு பாத்தேன். புல்லு வெட்டுனே. ஆயில் மாத்துனே. அந்தக் கதைய இத்தன பேர்கிட்ட சொன்னேனே, எதுக்குன்னு நெனச்சே? ஒவ்வொரு தடவையும், இல்லடா அது அப்படியில்லைன்னு நீ சொல்லுவேன்னுதான். நீ ‘என் தப்பு’ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டே.” கொஞ்சம் நிறுத்தினான். “மஹ்பூபா கேக்கலன்னா இன்னிக்கும் சொல்லியிருக்கமாட்டே.”

அதற்கு வெள்ளியங்கிரியிடம் பதில் இருந்தது. இன்றோ நாளையோ சொல்லத்தான் இருந்தேன் என்ற பதில். வாய்வரை வந்ததை விழுங்கினான். இன்னொரு ‘ஆமா’வாக அது இருக்கும்.

“இல்ல” என்றான். “சொல்லியிருக்கமாட்டேன்.”

நசுருதீன் அவனை நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பவன்போல் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே பாதி வெட்டிய புல்லில் வெள்ளியங்கிரி நிறுத்தி வைத்த இயந்திரம் நின்றது.

வான்மதி மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் மகளுக்கு ஷூ மாட்டிவிட்டு, “வர்றனுங்கண்ணா” என்று நசுருதீனிடம் சொல்லிக்கொண்டு காருக்குப் போனாள். “வாம்மா” என்றான் நசுருதீன்.

வெள்ளியங்கிரி எழுந்து வாசல்வரை போனான். நசுருதீன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். வரவேண்டாம் என்று சொல்ல வெள்ளியங்கிரிக்குத் தைரியம் இல்லை. கதவுப் பிடியில் கை வைத்து நின்றான். எத்தனையோ வருஷமாக இந்த மாதிரி வாசல்களில் யோசிக்காமல் சொன்ன சொல்லை ஒரு தடவை யோசித்துக்கொண்டான். பிறகு, நசுருதீன் சொல்கிற மாதிரியே, முழுசாகச் சொன்னான்.

“போயிட்டு வரேன் நசுரு.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். வா என்று ஒரு சொல். போகிறவனுக்குத் திரும்பி வர வழிவிடுகிற சொல் அது ஒன்றுதான்.

நசுருதீன் ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

“பாத்துப் போ” என்றான்.

வெள்ளியங்கிரி படியிறங்கினான். கார்க் கதவைத் திறக்கும்போது மாடி ஜன்னலிலிருந்து மஹ்பூபாவின் குரல் கேட்டது. அவள் எதுவும் அறியாதவள், வழக்கம்போலத்தான் சொன்னாள்.

“போயிட்டு வாங்கண்ணே.”

வெள்ளியங்கிரி நிமிர்ந்து தலையை ஆட்டினான். வாசலைப் பார்த்தான். கதவு இன்னும் திறந்திருந்தது. நசுருதீன் அங்கேயே, ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றிருந்தான். வெட்டாமல் விட்ட பாதிப் புல்லை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.